தென்சீனக் கடலில் சீனா ஏன் செயற்கைத் தீவுகளைக் கட்டியது?

மீனும் எண்ணெயும் மட்டுமே காரணமில்லை. சீனாவின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளுக்கு ஹைனான் தீவின் யூலின்தான் முக்கியத் தளம். அவை உலவும் கடலில் அந்நியக் கப்பல்கள் நெருங்கக் கூடாது என்பதே பெய்ஜிங்கின் பெரிய கவலை என்று நினைக்கிறேன்.

2013 இறுதியிலிருந்து அந்தக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டப் பவளத்திட்டுகள் மேல் கடல்மணலை வாரிக் கொட்டினார்கள். ஃபயரி கிராஸ், சுபி, மிஸ்சீஃப் ஆகிய மூன்று திட்டுகளிலும் சுமார் 3 கி.மீ. ஓடுபாதை எழுந்தது. ராணுவமயமாக்கும் எண்ணமில்லை என்று 2015இல் வாஷிங்டனில் சீன அதிபர் ஷி ஜின்பிங் சொன்னார்; 2018இல் அங்கே ஏவுகணைகள் நிறுவப்பட்டதாகச் செய்தி வந்தது.

மிஸ்சீஃப் பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது மீனும் பிற கடல்வளமும் எடுக்க அந்நாட்டுக்கே உரிமையுள்ள கடற்பரப்புக்குள், இருப்பதாக 2016இல் ஹேக் நகரின் சர்வதேசத் தீர்ப்பாயம் சொன்னது. சீனா அதை ஏற்கவே இல்லை. வடக்கே தொலைவிலுள்ள ஸ்கார்பரோ திட்டில், பரம்பரையாக வலைவீசிய பிலிப்பைன்ஸ் மீனவர்கள்மேல் இன்றும் சீனக் காவல் கப்பல்கள் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கின்றன.