பின்னால் இருப்பவரின் கண்

வணக்கம். முதுகலை முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவம் முழுக்க வகுப்பில் லேப்டாப் கூடாது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார். என் கையெழுத்து எனக்கே புரியாது. தட்டச்சு செய்தால்தான் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிகிறது. நடுவில் வாட்ஸ்அப்பும் பார்ப்பேன், மறைக்கவில்லை. கெடுவது என் மதிப்பெண்தானே? வயது வந்தவர்களிடம் இப்படிக் கெடுபிடி செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'கெடுவது என் மதிப்பெண்தானே' என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. கனடாவில் சானா, வெஸ்டன், செப்பேடா மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பாடம் கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் வேறு வேலையும் பார்த்தவர்கள் தேர்வில் 11 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். இதில் வியப்பில்லை. அடுத்த சோதனையில் மாணவர்களிடம் பேனாவும் தாளும் மட்டுமே இருந்தன. அவர்களில் சிலரை, முன்னால் இருப்பவர் லேப்டாப்பில் மேய்வது கண்ணில் படுகிற மாதிரி உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு 17 சதவீதம் குறைந்தது! (இரண்டும் தனித்தனிச் சோதனைகள். அதனால் பார்த்தவருக்குத்தான் நஷ்டம் அதிகம் என்று சொல்லிவிட முடியாது.)

வாட்ஸ்அப்பை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வெளிச்சமாக எதுவாவது அசைந்தால் கண் தானாக அங்கே போய்விடும். அவரும் வயது வந்தவர்தான், பாடம் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

தட்டச்சு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வைத் தடைக்கு ஆதரவாக அடிக்கடி காட்டுவார்கள். தட்டச்சு செய்பவர்கள் ஆசிரியர் சொன்னதை அப்படியே இறக்கிவிடுகிறார்கள், அதனால் யோசித்து எழுத வேண்டிய கேள்விகளில் பின்தங்குகிறார்கள் என்றது அது. 2021இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தது. அப்படியே இறக்குவது உண்மைதான் என்று தெரிந்தது. மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஆக, கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்று உங்கள் பேராசிரியர் சொன்னால் தாராளமாக மறுத்துப் பேசலாம்.

ஆனால் 'என் கவனம் என் கட்டுப்பாட்டில்' என்று மட்டும் வாதாடாதீர்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பொருளாதார வகுப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் கணினியை அனுமதித்தும் சிலவற்றில் தடுத்தும் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவின்படி அனுமதித்த வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் குறைந்தது. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன இடத்திலேயே கதை இப்படி.

அதற்காக முழுத்தடை சரி என்று நினைக்கவில்லை. உடல் சிரமத்தால் கணினி தேவைப்படும் ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால், அவர் சொல்ல விரும்பாததை வகுப்பே தெரிந்துகொள்ளும். லேப்டாப் வேண்டியவர்கள் எல்லோரும் கடைசி வரிசையில் உட்காரட்டும், பின்னால் ஆள் இருக்காது. இதைப் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது, வகுப்பில் இணையத்தைத் துண்டித்துவிடுவேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் அவர் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.