கோச் தன்னை எதை வைத்து அளப்பது?

வணக்கம். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் இரண்டு குழுக்களுக்கு அஜைல் (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) கோச்சாக இருக்கிறேன். ஒரு சுற்று முடிந்ததும் அது எப்படிப் போனது என்று பேசும் ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை, நானே பேசி முடிக்கிறேன். முகாமையாளரோ, "யார் வேலை செய்வதில்லை என்று உங்களுக்குத்தானே தெரியும்" என்கிறார். நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று எப்படி அறிவது?
– வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதிய இரண்டும் ஒரே சிக்கல். சொன்னது மேலே போகும் என்ற சந்தேகம் இருக்கும்வரை ரெட்ரோவில் எந்த உத்தியும் பலிக்காது. முகாமையாளரிடமிருந்து தொடங்குங்கள். தடைகள் அவருக்கு வரும், யார் என்ன சொன்னார் என்பது வராது. இதை அவர் வாயாலேயே குழுவின் முன் சொல்லச் செய்யுங்கள். வேலையைப் பார்க்க அவருக்கு ஸ்பிரிண்ட் ரிவியூ (ஒவ்வொரு சுற்றின், அதாவது ஸ்பிரிண்டின், இறுதியிலும் செய்ததைக் காட்டும் கூட்டம்) இருக்கிறது. இரு குழுக்களின் வெலோசிட்டியை (ஒரு ஸ்பிரிண்டில் முடித்த ஸ்டோரி பாயிண்ட்களின் கூட்டுத்தொகை) ஒப்பிட்டுக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு மதிப்பிட்டுப் போடும் ஸ்டோரி பாயிண்ட் அந்தந்தக் குழுவின் சொந்த அளவு; ஒப்பிடத் தொடங்கினால் மதிப்பீடுதான் வீங்கும், வேலை கூடாது.

2001இல் 17 பேர் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தின் 12ஆவது கோட்பாடு, குழு சீரான இடைவெளியில் தன்னைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வது பற்றியது. கோச்சும் அப்படிச் செய்ய வேண்டியவர்தான். ஆனால் "நன்றாகச் செவிகொடுத்தேனா?" என்று மனதைக் கேட்டால் அது ஆம் என்றே சொல்லும். கண்ணுக்குத் தெரிவதைக் குறித்துவையுங்கள். தினசரிக் குறுங்கூட்டமான ஸ்டாண்ட்-அப்பில் பேசுபவர் யாரைப் பார்க்கிறார்? உங்களையென்றால் அது ஒப்புவித்தல். சில நாள் அவர்கள் பார்வை படாத ஓரத்தில் நில்லுங்கள், பிறகு ஒருநாள் போகாமலே இருந்து பாருங்கள். அந்த 15 நிமிடம் நீங்கள் இல்லாமல் நடக்குமா என்பது தெரிந்துவிடும். ரெட்ரோவில் நீங்கள் கேட்டவற்றையும் சொல்லுக்குச் சொல் எழுதிவையுங்கள். "டெஸ்டை முதலில் எழுதினால் என்ன?" என்பது கேள்வியல்ல, ஆலோசனை. ஆலோசனை சொல்லலாம், என் அபிப்பிராயம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

மௌனத்துக்கு மொழியும் காரணம். அன்றாட வேலையை ஆங்கிலத்தில் ஓட்டிவிடுகிறவர்கள்கூட, மறுத்துப் பேசும்போது அதில் தடுமாறுவார்கள். "சேர்" என்று அழைப்பவரை எதிர்த்துப் பேசுவதோ எந்த மொழியிலும் கடினம். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல், விரும்பிய மொழியில் சீட்டில் எழுதட்டும். இதிலும் ஒரு பொறி உண்டு: குழுவில் ஒரே ஒரு தமிழர் என்றால் தமிழ்ச் சீட்டில் பெயரே எழுதியதுபோலத்தான். அங்கே இருவர் இருவராகப் பேசி ஒரு சீட்டு எழுதுவது நல்லது. சீனியர் கடைசியில் பேசட்டும்.

முடிவில் ஒரே ஒரு தீர்மானம் போதும். பொறுப்பாளர் பெயரோடு அதை அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்கில் (வேலைப் பட்டியலில்) போட்டு, அடுத்த ரெட்ரோவை அது என்ன ஆயிற்று என்பதிலிருந்து தொடங்குங்கள். ஐந்து தீர்மானம் எடுக்கும் குழு ஒன்றையும் செய்வதில்லை.

ஒரே குறை மூன்று ரெட்ரோவில் வந்தால், அது பெரும்பாலும் குழுவின் கைக்கு எட்டாதது. லண்டன் கிளையண்டின் பதில் தாமதிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காலை 9 மணி ஆகும்போது இங்கே பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. கேள்விகளை முந்தின நாளே திரட்டி அனுப்பினால், காலை முதல் வேலையாகப் பதில் தருவதற்குக் கிளையண்டின் சம்மதத்தை வாங்கித் தர வேண்டியவர் நீங்கள், டெவலப்பர் அல்ல.