கிரீன் டெபாசிட் போட்டால் புகை குறையுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரையில் சொந்த வீடு. கையில் 5 லட்சம் இருக்கிறது. வங்கியில் ‘கிரீன் டெபாசிட்’ போடச் சொல்கிறார்கள். வட்டி சாதாரண டெபாசிட்டை விட 0.10 சதவீதம் குறைவு. என் பணத்தால் நாட்டின் கரியமில வாயு உண்மையிலேயே குறையுமா?

பதில்: அம்மா, உங்களுக்கு வட்டியில் குறைவது வருடத்துக்கு 500 ரூபாய். அது பரவாயில்லை. ஆனால் டெபாசிட் காப்பீடு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். முழுப் பணத்தையும் ஒரே வங்கியில் போட்டால் வட்டி அதற்கு வெளியே நிற்கும்.

சரி, புகை விஷயம். ரிசர்வ் வங்கியின் கிரீன் டெபாசிட் விதிகள் 2023 ஜூன் முதல் அமலில் இருக்கின்றன. பணம் சூரிய மின்சாரம், காற்றாலை போன்றவற்றுக்குத்தான் போக வேண்டும்; வெளியாள் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். ஆனால் வங்கி எப்படியும் கொடுக்கவிருந்த சோலார் கடனையே உங்கள் பணத்துக்கு எதிரே எழுதிக் காட்டினால், புதிதாக ஒரு பேனல்கூட முளைக்காது. அங்கே மிச்சமான பணம் அனல்மின் நிலையத்துக்கும் கடனாகப் போகலாம்.

நாட்டுக் கணக்கும் இப்படித்தான். 2005 முதல் 2020 வரை ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் இந்தியா வெளியிடும் புகை 36 சதவீதம் குறைந்தது. பொருளாதாரம் அதைவிட வேகமாக வளர்ந்ததால் மொத்தப் புகை கூடியது. 2025-இல் மின் நிறுவுதிறனில் (எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து முழு அளவில் தயாரிக்கக்கூடிய மின்சாரத்தில்) பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாததாகிவிட்டது. ஆனாலும் நாம் எரிக்கும் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நிலக்கரிதான். ராத்திரியில் பேனல் வேலை செய்யாதே!

என்னைக் கேட்டால், ஒரு பங்கை உங்கள் மொட்டை மாடியிலேயே போடுங்கள். 3 கிலோவாட் சோலாருக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டமான பி.எம். சூர்யா கர் தரும் மானியம் 78,000 போக உங்கள் கைக்காசு 1,22,000. நாளுக்கு 12 யூனிட் கிடைத்தால் வருடத்துக்கு 4,300 யூனிட் சொச்சம். யூனிட்டுக்கு 0.7 கிலோ புகை தவிர்க்கப்படும் என்று போட்டால், வருடத்துக்கு சுமார் 3 டன் கரியமில வாயு மிச்சம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடென்றால் பில் எப்படித் துள்ளும் என்று உங்களுக்கே தெரியும், லாபம் அங்கேதான். மானியம் வேலை முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். அப்புறம், பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் மாடியில் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விழுந்தால் சோலாரை விட்டுவிட்டு டெபாசிட்டே போடுங்கள், இரண்டு வங்கிகளில் பிரித்து.