ஒரே குருவி, ஊருக்கு ஊர் வேறு பாட்டா?

கேள்வி: கோத்தகிரியில் கேட்ட செம்மீசைச் சின்னானின் பாட்டும் மொரீஷியஸில் என் வீட்டு லிச்சி மரத்தில் கேட்பதும் ஒன்றுபோல் இல்லையே, ஏன்?

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கலாம். இங்கே பேசும் கிரியோல் மொழியில் அதை 'கொண்டே' என்கிறார்கள். என் காதில் அது கொண்டை என்றே விழும்! 1892 வாக்கில் இங்கே வந்த பறவை அது.

பாடும் பறவைகள் பாட்டோடு பிறப்பதில்லை. குஞ்சுகள் பக்கத்தில் பாடும் பெரிய பறவைகளைக் கேட்டு, முதலில் உளறி, பிறகு தேறுகின்றன. கேட்டுக் கற்பதில் பிழை வரும். அந்தப் பிழையை அடுத்த தலைமுறையும் கற்றால் அதுவே வட்டார வழக்கு. நம் ரசம் இங்கே 'ரசோன்' ஆன கதைதான். தீவுக்கு வந்தவை சில பறவைகளே என்றால், தாயகத்துப் பாட்டில் ஒரு பகுதிதான் கூட வந்திருக்கும். (புறாக்கள் வேறு ரகம்; அவற்றின் கூவல் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது.)

கலிஃபோர்னியாவின் வெண்கொண்டைச் சிட்டுகளிடம் சில கிலோமீட்டருக்குள்ளேயே வழக்கு மாறுவதை 1960களில் பறவைப்பாட்டு ஆய்வாளர் பீட்டர் மார்லர் காட்டினார். சில இனங்களில் உள்ளூர்ப் பாட்டுக்குத்தான் பெண் பறவை மயங்கும், அதனால் வழக்கு நிலைக்கிறது.

அப்புறம், இரைச்சல். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் சத்தமான தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் தாழ்ந்த சுருதிகளைத் தவிர்த்து உயர்ந்த சுருதியில் பாடுவது 2003இல் தெரியவந்தது. 2020 ஊரடங்கில் சான்பிரான்சிஸ்கோ சிட்டுகள் மெதுவாகவே பாடின, கத்தத் தேவையில்லையே!

ஒரு யோசனை: தலைநகர் போர்ட் லூயிஸிலும் மலைப்பக்கத்திலும் விடியலில் கைபேசியில் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பறவைக்கும் பல பாட்டுகள் இருக்கலாம், ஆகவே நிறையப் பதியுங்கள்.