மஞ்சளைக் கண்டதும் விரல் தானாக விட்டுவிடுகிறதா?

வில்வித்தைப் பயிற்சியில் இப்படி ஆகிறது, வில்லை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். 18 மீட்டரில் இலக்குத் தாளின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் கண்ணில் பட்டதுமே விரல் நாணை விட்டுவிடுகிறது என்றால், கோளாறு வில்லில் இல்லை. இதற்கு டார்கெட் பேனிக் என்று பெயர். பழகிய கைகளுக்கும் வரும். எனக்கே ஒரு வருடம் இருந்தது.

பெரும்பாலும் 'மஞ்சள் தெரிந்தால் விடு' என்று மூளை பழகிப்போயிருக்கும்.

சோதித்துப் பாருங்கள். இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, அம்பு தைக்கும் மெத்தைக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று இருபது அம்பு விடுங்கள். கை தாடைக்கடியில் பதிந்து நிதானமாக விட முடிகிறதா? அப்படியென்றால் சிக்கல் தாளில்தான். அப்புறம் தாளை மாட்டி, முழுதாக இழுத்துக் குறிவைத்து, நாணை விடாமலே மெல்ல இறக்குங்கள். பத்து முறை இறக்கினால் ஒரு முறை விடலாம். எரிச்சலாகத்தான் இருக்கும், வாரக்கணக்கில் ஆகும்.

தாள் இல்லாமலும் கை நடுங்கினால் வில்லின் இழுவிசை உங்களுக்கு அதிகம். இழுவிசை நான்கைந்து பவுண்டு குறைந்த லிம்ப் (வில்லின் வளையும் கைகள்) மாட்டுங்கள்.

அமெரிக்காவில் இந்த சீசனுக்கு மான் வேட்டைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இது சரியாகும்வரை போகாதீர்கள். அம்பு நுரையீரலில் பட வேண்டும். ஒரு சாண் பின்னால் போய் வயிற்றில் தைத்தால் அந்த மான் மணிக்கணக்கில் துடிக்கும்.