பல வருடங்களாக ஒரே ஆட்கள் இருக்கும் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் கமிட்டிக்கு நான் போட்டியிடலாமா?

தாராளமாக நில்லுங்கள். ஆனால் நிற்கப்போவதாக யாரிடமும் சொல்வதற்கு முன்னால், உங்கள் அசோசியேஷனின் கடைசி மூன்று வருடக் கணக்கை வாங்கி முழுசாகப் படித்துவிடுங்கள்.

உங்களுடையது சென்னைப் புறநகரில் நூற்றைம்பது வீடுள்ள குடியிருப்பு, மெயின்டெனன்ஸ் வருடா வருடம் ஏறுகிறது, கமிட்டியில் ஆரம்பத்திலிருந்து அதே நாலைந்து பேர், இரண்டு மாதத்தில் ஏ.ஜி.எம். எனப்படும் வருடாந்திரப் பொதுக்குழு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நின்றால் ஜெயிக்க முடியுமா, ஜெயித்தாலும் ஏதாவது செய்ய விடுவார்களா என்று கேட்கிறீர்கள். நான் இருப்பது மேடவாக்கம் பக்கம், கிட்டத்தட்ட அதே அளவுக் குடியிருப்பு. கமிட்டியில் முதலில் பொருளாளராக இருந்தேன், அப்புறம் செயலாளராக. ஆள் இல்லாமல் என் தலையில் கட்டிய பதவி இல்லை, போட்டியிட்டுத்தான் வந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் பணம் போகிற இடம் பெரும்பாலும் நாலுதான்: செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் ஆள் அனுப்பும் ஏஜென்சி, பொது மின்சாரம், தண்ணீர் லாரி, எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு. மற்றதெல்லாம் சில்லறை. ஆனால் பொதுக்குழுவில் நேரம் கரைவது பொங்கல் விழாவுக்கு வாங்கிய கரும்பிலும் பந்தலிலும்தான். அந்த நாலு செலவையும் மூன்று வருடத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது வேகமாக ஏறுகிறதோ அதைப் பேசித்தான் நீங்கள் ஓட்டுக் கேட்க வேண்டும்.

எங்களுக்கு அது தண்ணீராக இருந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் லாரிக்குப் பழகிய எங்கள் குடியிருப்பு, நல்ல மழை பெய்த பிறகும் அதிலிருந்து மீளவே இல்லை. பில்லில் ஒரு லாரிக்கு 12,000 லிட்டர் என்று இருக்கும். கேட்டில் இருக்கும் நோட்டில் தேதி, நேரம், வண்டி நம்பர், டிரைவர் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும். லிட்டர் என்ற இடத்தில் ஒவ்வொரு வரியிலும் 12,000. ஆனால் யாரும் அளந்ததில்லை.

அளப்பது கஷ்டமும் இல்லை. எங்கள் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். மோட்டாரை நிறுத்திவிட்டு, மற்ற குழாய்களையும் அடைத்துவிட்டு 12,000 லிட்டர் விட்டால் மட்டம் 60 சென்டிமீட்டர் ஏற வேண்டும். பிளம்பர் ஒரு நீளமான பி.வி.சி. பைப்பில் மார்க்கரால் சென்டிமீட்டர் கோடு போட்டுத் தந்தார். ராத்திரி லாரி வந்தபோது செக்யூரிட்டி அண்ணன் டார்ச் அடிக்க, தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஒரு தடவை, விட்ட பிறகு ஒரு தடவை பைப்பை இறக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தோம். 50 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. அதாவது 10,000 லிட்டர். அடுத்தடுத்த நாட்களிலும் அளந்தோம், பெரிய வித்தியாசம் இல்லை.

இதை நான் வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. போட்டிருந்தால் யார் கமிஷன் வாங்கினார்கள் என்ற சண்டை கிளம்பியிருக்கும், தண்ணீர் பின்னால் போயிருக்கும். குறித்துவைத்த தாளை அப்போதைய செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நேர்மையான மனிதர். வேலைக்குப் போய்க்கொண்டே தனி ஆளாக அத்தனையையும் இழுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு லாரியை அளக்க அவருக்கு ஏது நேரம்? பழைய கமிட்டி என்றாலே திருடர்கள் என்ற எண்ணத்தோடு தேர்தலுக்குப் போகாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நான் பார்த்தவரை பாதிப் பேர் வேறு யாரும் முன்வராததால் இருக்கிறவர்கள். பிறகு சம்ப்புக்குப் போகும் குழாயில் மீட்டர் வைத்து, மீட்டர் காட்டுகிற லிட்டருக்கு மட்டும் பணம் என்று நான் பேசியபோது முதலில் ஆதரித்துக் கை தூக்கியவர் அவர்தான்.

அடுத்தது பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள். தமிழ்நாட்டில் ஏராளமான அசோசியேஷன்கள் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அந்தச் சட்டப்படி கமிட்டி உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகும் ஒருவர் தொடரலாம், ஆனால் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டுத்தான் தொடர வேண்டும். கமிட்டி மாறினால் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கமிட்டி இதைச் செய்திருக்கிறதா என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். இன்னொன்று, 1994 சட்டத்தின் இடத்தில் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்து, 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பைலா அதற்கு முன்னால் எழுதியதாக இருந்தால், அதை ஒரு வக்கீலிடம் காட்டித் திருத்துவதே புதிய கமிட்டிக்கு ஒரு முக்கியமான வேலை. உங்கள் குடியிருப்பு பழையது என்றால் இது இன்னும் அவசரம். கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லா உரிமையாளர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை மாறி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வந்தது இந்தச் சட்டத்தில்தான்.

போட்டியிடும் தகுதியும் பைலாவில்தான் இருக்கும். பொதுவாக மெயின்டெனன்ஸ் பாக்கி இருக்கக் கூடாது, கிரயப் பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். வீடு உங்கள் கணவர் அல்லது மனைவி பெயரில் மட்டும் இருந்தால் நீங்கள் நிற்கலாமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நாமினேஷன் நாளில் போய்க் கேட்டால் வாக்குவாதத்தில்தான் முடியும். ஓட்டு வீட்டுக்கு ஒன்றா, யு.டி.எஸ். எனப்படும் நிலப் பங்கின் அளவுப்படியா, வர முடியாதவருக்குப் பதில் இன்னொருவர் போடும் ப்ராக்ஸி ஓட்டு செல்லுமா என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓட்டுக்கு வருவோம். வீடு வீடாகப் போங்கள், வேறு வழியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மேல், மதியச் சமையல் சூடுபிடிப்பதற்கு முன்னால் போவது நல்லது. கையில் ஒரு நோட்டு மட்டும் போதும். "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று ஆரம்பிக்காமல் "உங்க வீட்ல என்ன பிரச்சினை இருக்கு?" என்று கேளுங்கள். நான் அப்படிப் போனபோது, மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு ஆன்ட்டி, "வாம்மா, நீ எந்த பிளாக்கு?" என்று கேட்டுக்கொண்டே நேராக பாத்ரூமுக்குக் கூட்டிப்போனார். மேல்வீட்டுக் கழிவறையிலிருந்து கசிவு. சீலிங்கில் பெயின்ட் உப்பி உரிந்திருக்கிறது, அடியில் ஒரு பக்கெட். "மேல்வீட்டு ஓனர் துபாயில இருக்கார். வாடகைக்கு இருக்கிற தம்பி ஓனரைக் கேளுங்கன்றார். அசோசியேஷன்ல அது உங்க ரெண்டு வீட்டு விஷயம்னுட்டாங்க. நான் யார்கிட்டம்மா போவேன்?" என்றார்.

அந்தக் கேள்வி எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. நோட்டில் அதே மாதிரி கசிவுப் புகார்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தன. அதனால் கசிவு என்று புகார் வந்தால் அசோசியேஷன் பிளம்பர் இரண்டு வீட்டையும் பார்த்து எழுத்தில் அறிக்கை தருவார், தவறு எந்த வீட்டுப் பக்கமோ அந்த உரிமையாளர் குறித்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு விதிமுறை எழுதி, அதையும் தண்ணீர் மீட்டரையும் மட்டும் என் வாக்குறுதியாக வைத்தேன். ஆன்ட்டி தன் பிளாக்கில் எனக்காக எல்லோரிடமும் பேசினார்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உரிமையாளர்களை விட்டுவிடாதீர்கள். புறநகர்க் குடியிருப்புகளில் இவர்கள் எண்ணிக்கை கணிசமாக இருக்கும், அவர்களிடமிருந்து ப்ராக்ஸி வாங்கி வைப்பதில்தான் பல வருடமாக அதே ஆட்கள் ஜெயிக்கிறார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை, நீங்களும் போன் செய்து பேசலாம். கணக்கை வைத்துப் பேசினால் அவர்கள் கேட்பார்கள், ஏனென்றால் மாதா மாதம் அவர்களுக்குத் தெரிவது அந்த ஒரு தொகை மட்டும்தான். வாடகைக்கு இருப்பவர்களையும் பாருங்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதற்காகக் கதவைத் தாண்டிப் போவது சரியில்லை. தண்ணீர் நின்றால் முதலில் கஷ்டப்படுவது அவர்கள்தான், உரிமையாளரிடம் உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான்.

மெயின்டெனன்ஸைக் குறைப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பொது மின்சாரத்துக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போனபோது, 2023 நவம்பரில் 5.50 ரூபாய் என்று குறைத்தது பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும்தான். உங்களுக்கும் எங்களுக்கும் அது கிடையாது. செக்யூரிட்டியின் சம்பளத்தில் கைவைத்து மிச்சம் பிடிப்பது என் மனசுக்கு ஒப்பாத வேலை, உங்களுக்கும் ஒப்பாது என்று நம்புகிறேன். ஜி.எஸ்.டி. கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டின் மெயின்டெனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத வரி வரும். 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் அந்த வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. கூட்டத்தில் இதை யாராவது கேட்டு நீங்கள் தெளிவாகப் பதில் சொன்னால், அதுவே பத்து ஓட்டு.

ஓட்டு எதுவும் கொண்டுவராத வேலைகளும் உண்டு, கமிட்டிக்குள் போக வேண்டும் என்று நான் நினைத்ததே பாதி அவற்றுக்காகத்தான். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் காலை ஆறரை மணியிலிருந்து மதியம் வரை நாலு வீடு பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கழிவறை கிடையாது. அடுத்த வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டில் வேலை செய்பவர் சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது. தரைத்தளத்தில் ஒரு கழிவறை பூட்டியே கிடந்தது, பழைய பெயின்ட் டப்பா போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சுத்தம் செய்து, தாழ்ப்பாள் மாற்றி, தண்ணீர் இணைப்புக் கொடுத்துத் திறந்துவிட ஆன செலவு பொங்கல் விழாச் செலவைவிடக் குறைவு. எதிர்ப்பும் வந்தது. "வெளியாள் பயன்படுத்துவாங்க" என்றார்கள். தினமும் நம் சமையலறைக்குள் வந்து போகிறவர்கள் எப்படி வெளியாள் ஆவார்கள்?

இன்னொன்றை உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டி அடைத்தால் ஆளை உள்ளே இறக்க யாராவது யோசனை சொல்வார்கள். எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள். விஷவாயுவில் ஆட்கள் செத்த செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். மனிதக் கழிவை மனிதர்கள் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளை இறக்கச் சொன்னவர் மாட்டுவார், அது கமிட்டி உறுப்பினராகவும் இருக்கலாம். இயந்திர வண்டியைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தீர்மானமாகவே எழுதிவைத்துவிடுங்கள்.

தனியாக நிற்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நின்றால் ஓட்டும் வரும், வேலையையும் பிரித்துக்கொள்ளலாம். ஜெயித்த வாரமே செய்ய வேண்டியது, வங்கியில் கையெழுத்து மாற்றுவதும் பொறுப்பை எழுத்தில் வாங்குவதும்தான். ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதுகள், கார்பஸ் ஃபண்ட் எனப்படும் சேமநிதியின் கணக்கு, லிஃப்டின் வருடாந்திரப் பராமரிப்பு (ஏ.எம்.சி.) ஒப்பந்தம், லிஃப்ட் லைசென்ஸ், கட்டட வரைபடம், பான் கார்டு, சங்கத்தின் மெயில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள். வரைபடம் மிக முக்கியம், பைப் உடைகிற அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தோற்றுப்போனால் கூட்டத்தை விட்டு எழுந்து போய்விடாதீர்கள். தண்ணீருக்கோ கணக்குக்கோ ஒரு துணைக்குழு போடச் சொல்லி, அதில் உங்கள் பெயரைச் சேர்த்து, மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். நாமினேஷன் தேதி அறிவித்ததும் பைலாவில் சந்தேகம் எதுவும் இருந்தால் அந்தப் பகுதியை இங்கே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.