நாவல் முன்பணத்தில் தொலைநோக்கி வாங்கலாமா?

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதுகிறேன். கட்டுரைகளுக்கு அவ்வப்போது பணம் வருகிறது. முதல் நாவலுக்கு முன்பணம் தருவதாகப் பதிப்பகம் சொல்லியிருக்கிறது. புகைப்படம், கித்தார், வானம் பார்ப்பது என்று பொழுதுபோக்குகளும் நிறைய. முன்பணத்தில் ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கலாமா, இல்லை இதையெல்லாம் விட்டுவிட்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா?

பதில்: எதையும் விட வேண்டாம். ஆனால் தொலைநோக்கியை இப்போது வாங்காதீர்கள்.

முன்பணம் என்பது உங்களுக்கு வரப்போகும் ராயல்டிதான் (விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கு), முன்கூட்டியே தருகிறார்கள், அவ்வளவுதான். 2,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கொடுத்தால், 2,001-வது பிரதி விற்கும் வரை மேற்கொண்டு ஒரு காசு வராது. அதுவும் ஒரேயடியாகக் கைக்கு வருவது அரிது. ஒப்பந்தம் போடும்போது கொஞ்சம், கைப்பிரதியை ஏற்றுக்கொண்டதும் கொஞ்சம், புத்தகம் வந்த பிறகு மீதி என்று பிரித்துத் தருவார்கள். ஆகவே பெரிய தொகையாகத் தெரிவது உண்மையில் ஒன்றிரண்டு வருடத்துக்கான சம்பளம்.

அதனால் எழுத்தில் வரும் பணம் எல்லாம் ஒரே கணக்குக்குப் போகட்டும். வரிக்கானதை முதலில் ஒதுக்குங்கள், மீதியிலிருந்து மாதாமாதம் ஒரே தொகையை உங்களுக்கு நீங்களே சம்பளமாகக் கொடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான இருப்பு சேரும் வரை அந்தச் சம்பளம் சிக்கனமாகவே இருக்கட்டும். அதில் 5 சதவீதம் பொழுதுபோக்குக்கு, தனிக் கணக்கில். இந்த மாதம் செலவாகாதது அடுத்த மாதத்துக்குச் சேரும். அந்தக் கணக்கில் தொலைநோக்கியின் விலை சேர்ந்ததும் தாராளமாக வாங்குங்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எத்தனை பொழுதுபோக்கு என்பதை விட அது எப்படிச் செலவு வைக்கிறது என்று பாருங்கள். கித்தார் ஒருமுறை வாங்கினால் அப்புறம் கம்பி மாற்றும் செலவுதான். கேமரா அப்படியில்லை: லென்ஸ், முக்காலி, மெமரி கார்டு என்று தொடர்ந்து கேட்கும், கேமராவின் மதிப்பும் வேகமாக இறங்கும் (நல்ல லென்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கும், பழையதாக வாங்கினால் நஷ்டம் இன்னும் குறைவு). வானத்துக்கு, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்பக்க லென்ஸ் 50 மி.மீ. அகலமுள்ள பைனாகுலரில் தொடங்குங்கள். கை ஆடாமல் ஊன்றிப் பிடித்தால் நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் எல்லாம் தெரியும். ஒரு வருடம் கழித்தும் ராத்திரியில் வெளியே போய் நிற்கிறீர்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பொழுதுபோக்கு ஒவ்வொன்றும் சம்பாதித்தாக வேண்டும் என்று நினைக்காதீர்கள், அது அதன் சந்தோஷத்தையே கெடுத்துவிடும். ஆனால் நட்சத்திரங்களையும் லென்ஸையும் அனுபவத்தில் அறிந்து எழுதுகிறவரைப் பத்திரிகை ஆசிரியர்கள் தேடுகிறார்கள், அந்த வகைக் கட்டுரைகள் எழுத வாய்ப்பு கேட்டுப் பாருங்கள். அதில் வருமானம் வந்தால் வரி ஆலோசகரிடம் பேசுங்கள். பல நாடுகளில் லாப நோக்கத்தோடு செய்யும் வேலையின் செலவைத்தான் வரியில் கழிக்க முடியும், வெறும் பொழுதுபோக்கின் செலவை முடியாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முன்பணம் எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எப்போது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதிகளை வைத்துத்தான் உங்கள் மாதச் சம்பளத்தை முடிவு செய்ய வேண்டும்.